புழக்கடைச் சுவர் வரை கட்டாதே

என் அருமை மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் எழுத்து கோணிக்கொள்ளும் என்று எடுத்து வைத்துவிட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் தன் மகனுக்குக் கோணல் எழுத்தில் எழுதினால் நன்றாகவா இருக்கும்? இன்று மனசு அடங்கியிருக்கிறது. தோல் பதனிடும் டேனரிகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிப் போகும் வண்டிகள் போய் முடிந்து தெருவில் தூசியும் அடங்கியிருக்கிறது. நான் சாவகாசமாக எழுதுகிறேன், நீயும் சாவகாசமாகப் படி. ஆபீசில் கட்டுக் காகிதத்தைப் புரட்டுகிற மாதிரி நாலு வரி பார்த்துவிட்டு மூடி வைக்காதே.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். வேலூரில் வாங்கிய வீட்டுக்குப் பின்பக்கம் எனக்காக ஓர் அறை கட்டப் போகிறாய். உன் அப்பா போன பிறகு நான் இந்த வீட்டில் தனியாக இருப்பது உனக்குப் பிடிக்கவில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள், பிள்ளை பிறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும். இதுவரைக்கும் படித்தபோது என் கண் கலங்கியது உண்மை. அடுத்த பக்கத்தில்தான் வினை. அறையைப் புழக்கடைச் சுவரோடு ஒட்டிக் கட்டக் கூடாது, நடுவில் திறந்தவெளி விட வேண்டும், ஜன்னல் இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று சொல்லி முனிசிபாலிட்டியில் உன் பிளானைத் திருப்பிவிட்டார்கள். அதற்கு நீ என்ன எழுதியிருக்கிறாய்? கிறிஸ்துமஸ் லீவில் ஆபீஸ் மூடியிருக்கும்போது ஆள் வைத்துச் சுவரை எழுப்பிவிடலாம், கட்டின சுவரை எவன் வந்து இடிக்கப் போகிறான் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் என் ஆசீர்வாதத்தையும் கேட்டிருக்கிறாய். ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, அந்தச் சுவருக்கு இல்லை.

இந்த வீட்டின் பின்பக்கத்து அறையைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. மூன்று பக்கமும் ஜன்னலாக இருக்கும் அந்த அறையில் உட்கார்ந்துதான் பரீட்சைக்கெல்லாம் படித்தாய். அது எப்படி வந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. உன் அப்பா சொல்லியிருப்பார். அவர் சொல்கிற கதையில் அவர் சூரர், முனிசிபாலிட்டி ஓவர்சியர் துஷ்டன். இரண்டும் சரியில்லை. அந்த அறை இல்லாவிட்டால் நான் அன்றைக்கே செத்திருப்பேன், அதனால் அந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை.

நீ அப்போதுதான் சிலேட்டில் எழுதப் பழகியிருந்தாய். எனக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், விடாத இருமல். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது இருமல் வந்து முந்தானையில் ரத்தம் பட்டது. பிள்ளைகள் பார்ப்பதற்குள் மடித்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பார்த்துவிட்டு, க்ஷயம் என்றார். மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். "உனக்கு மருந்து காற்று. பகலும் இரவும் காற்று. புகை ஆகாது, குழந்தையோடு ஒரே அறையில் படுக்கக் கூடாது" என்று ஒவ்வொரு வார்த்தையாக, எனக்கு மனப்பாடம் ஆகிற மாதிரி சொன்னார். நம் வீடு அப்போது எப்படி இருந்தது? இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வாசலில் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, நடுவில் ஒரே இருட்டு. அடுப்புப் புகை போக வழி தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் எனக்குக் காற்று வேண்டுமென்றால் புழக்கடையில்தான் ஓர் அறை எழும்ப வேண்டும்.

உன்னைப் பள்ளிகொண்டாவில் உன் அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். நீ ஜட்காவில் ஏறும்போது அழவில்லை, நான்தான் அழுதேன். யார் கேட்டாலும் எனக்கு மூச்சிழுப்பு என்று சொல்லி வைத்தோம். நம் தெருவில் இந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், உனக்கே தெரியும். சொன்னால் தண்ணீர் கொண்டுவருகிறவள் வரமாட்டாள், கோயிலில் நம் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், உன் அத்தை மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோகும். பள்ளிக்கூடத்துக்கும் இழுப்பு என்றே எழுதி லீவு வாங்கினேன். வீட்டுக்கு வீடு எல்லோரும் செய்கிற காரியம்தான், நாங்களும் செய்தோம்.

உன் அப்பா டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். ஓர் ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது கழிவு என்று தூக்கிப் போடுவார். அவரை ஏமாற்ற ஒருவராலும் முடியாது. அந்த மனிதருக்குக் காற்றோட்டமான கட்டடம் என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரியும், தோல் காயப்போடும் கொட்டகை. "காத்துன்னா அதுதான்டி காத்து. ஈரத் தோலையே அது சுருக்கா காய வெச்சிடுது, உன் நெஞ்சுச் சளிய காய வெக்காதா?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வந்தது. டேனரித் தச்சரைக் கூட்டிவந்து பிளான் போட்டார். இடுப்புயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் சுற்றிலும் மரச்சட்டம், ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி. சாரல் அடித்தால் தண்ணீர் வடிய வேண்டும் என்று கடப்பைக் கல்லில் சரிவான தரை, மூலையில் ஒரு கால்வாய். மழைக்குத் தட்டி கட்டித் தொங்கவிட மேலே வரிசையாக மூங்கில் கழி. இதெல்லாம் வேப்பமரமும் கக்கூஸும் இருக்கும் இடம் போக, புழக்கடைச் சுவர் வரைக்கும், ஒரு சாண் இடம் மிச்சமில்லாமல். எனக்கு எத்தனை காற்று முடியுமோ அத்தனை காற்றையும் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

மனுவில் இந்தக் கட்டடம் எதற்கு என்று எழுத வேண்டிய இடத்தில் "கொட்டகை" என்று மட்டும் எழுதினார். "எதுக்குக் கொட்டகைன்னு கேப்பாங்களே" என்றேன். "எழுதிப் போட்டா ஆபீஸ்ல இருக்கறவன் வீட்டுக்குப் போய்ச் சொல்வான், அவன் வீட்டுக்காரி தெருவெல்லாம் சொல்வா. வுடு" என்றார்.

இப்போது நீ முனிசிபாலிட்டி ஆளாக இருந்து யோசித்துப் பார். டேனரியில் வேலை பார்க்கும் ஒருவர், டேனரித் தச்சரை வைத்து, சரிவுத் தரையும் கால்வாயும் வரிசைக் கழியும் போட்டு, கொட்டகை என்று மனுக் கொடுக்கிறார். நீ என்ன நினைப்பாய்? பக்கத்து வீட்டு ராஜம்மாளும் அதைத்தான் நினைத்தாள். மூங்கில் கழிகள் வந்து இறங்கியதைச் சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் தோல் காயப்போடப் போகிறார்கள் என்று அவளும் ஒரு மனுப் போட்டாள். அவளைக் கெட்டவள் என்று நினைக்காதே. அதே தெருவில் முன்னொரு தடவை ஒருவர் திருட்டுத்தனமாகப் புழக்கடையில் தோல் போட்டு, ஈ மொய்த்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது. வீடுகள் இருக்கும் தெருவில் அந்தத் தொழில் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கைக்குழந்தையை வைத்திருந்தவள் பயந்தாள், அவ்வளவுதான்.

சானிடரி இன்ஸ்பெக்டர் வந்தார். வந்தவர் முதலில் புழக்கடையை மோந்து பார்த்தார். அப்புறம் பிளானை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னா சரக்கு காயப்போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"சரக்கும் இல்ல கிரக்கும் இல்ல. மனுசன் இருக்கறதுக்குத்தான்யா கட்றேன்" என்றார் உன் அப்பா.

"மனுசன் இருக்கற ரூமுக்கு இன்னாத்துக்குத் தரை சரிவா இருக்குது? உருண்டு போவறதுக்கா? மேல எதுக்கு இத்தனி கழி?"

உன் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அந்த ஆத்திரத்தில் இழுப்பு என்று பொய் சொல்லவும் தோன்றவில்லை. "எங்க வூட்டுத் தரை எப்படி இருந்தா உனக்கு இன்னாய்யா?" என்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றேன், இருமல் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று. அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

அப்போதுதான் உன் சித்தப்பா நடுவில் நுழைந்தார். "பேஜார் பண்ணிக்காதண்ணே. பண்டிகை லீவுல ஏத்திடலாம். கட்னத எவன் வந்து இடிக்கப் போறான்?" என்றார். உன் கடிதத்தில் இருந்த அதே வார்த்தை. நீ அவர் தோளில் ஏறி வளர்ந்தவன், அதனால் உனக்கு அந்தப் புத்தி வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு என்ன ஆயிற்று என்று உனக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார். பண்டிகை லீவில் அண்ணனும் தம்பியும் ஆள் வைத்து நாலு பக்கமும் இடுப்புயரத்துக்குச் சுவர் ஏற்றினார்கள். கழிகளையும் மேலே கட்டினார்கள். லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் ஓவர்சியர் சேவகனோடு வந்து நின்றார். எழுப்பியதை நீங்களே பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் பிரித்துக் கூலியை உங்களிடம் வாங்குவோம் என்று நோட்டீஸ். உன் அப்பா தானே கடப்பாரையை எடுத்தார். அவர் கட்டியதை அவரே இடித்ததை நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியை நான் இன்னொரு தடவை பார்க்க விரும்பவில்லை, உன் கையில் கடப்பாரையோடு பார்க்க நிச்சயமாக விரும்பவில்லை.

இடித்ததோடு போகவில்லை. அதற்கு முன்பாவது பகல் பொழுதில் புழக்கடையில் வேப்பமரத்து நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். இப்போது அங்கே முழுக்கக் கல்லும் மண்ணும் மூங்கிலும் குவிந்து கிடந்தன. கட்டில் மறுபடியும் உள்ளே வந்தது, அடுப்புப் புகைக்குப் பக்கத்தில். காய்ச்சல் ஏறியது. ரத்தம் மறுபடியும் வந்தது, முன்பைவிட ஜாஸ்தியாக. உன் அப்பா டேனரிக்குப் போகாமல் என் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஓவர்சியரையும் ராஜம்மாளையும் சேர்மனையும் திட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. என்னைக் கொல்லப் போவது முனிசிபாலிட்டி இல்லை, எங்கள் வெட்கம்தான். அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் சாவதற்குத் தயாராக இல்லை, உன்னை வளர்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் உன் அப்பாவை டேனரிக்கு அனுப்பிவிட்டு ஜட்கா பிடித்து முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனேன். படியேறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஓவர்சியர் நடுவயதுக்காரர், மூக்குக்கண்ணாடி, பேச்சில் கொஞ்சம் தெலுங்கு வாடை. "இன்னாம்மா, ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்றார்.

"அவர் வந்தா சண்ட போட்டுட்டுத் திரும்பி வருவாரு சார், வேலை ஆவாது. அதான் நானே வந்தேன்" என்றேன். "நீங்க இடிக்கச் சொன்ன ரூம் தோலுக்கு இல்ல சார். எனக்கு. எனக்கு க்ஷயம்."

மேஜைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். ஒருவர் தம் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிக்கொண்டார். எனக்குக் காது சூடாகியது, ஆனால் தலையைக் குனியவில்லை. ஓவர்சியர் என்னைப் பார்த்தார், பிளானைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "வராண்டாவுல பெஞ்சு இருக்குது, காத்து வரும். போய் உக்காரும்மா. இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

அவர் அடுத்த நாளே வீட்டுக்கு வந்தார். சமையலறையில் நின்று புகையைப் பார்த்தார், நான் படுக்கும் இடத்தைப் பார்த்தார். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, கடிக்கப் போகிறவர் மாதிரி நின்றிருந்தார். ஓவர்சியர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. புழக்கடைக்குப் போய், பின்சந்துக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்பா, நீ சுவர் வரைக்கும் கட்டிட்டா கக்கூஸ் எடுக்கற எல்லம்மா எந்த வழியா வருவா? உன் தலை மேலயா?" என்று கேட்டார். உன் அப்பா விழித்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது தோன்றவில்லை. தினமும் காலையில் கூடையோடு அந்தக் கதவைத் திறந்து வருகிறவளை எங்கள் பிளானில் நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டிருந்தோம்.

அப்புறம் அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பென்சிலால் பிளானில் ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்சுவருக்கும் அறைக்கும் நடுவில் இடம் விடு. அறையைக் கக்கூஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே. தரை மட்டமாக, தெருமட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும். கழியை எடு, கால்வாயை எடு. உன் அப்பா எல்லாவற்றுக்கும் உர்ரென்று தலையாட்டிவிட்டு, கடைசியில் அடக்க முடியாமல், "எல்லாத்தையும் எடுத்துட்டா காத்து எங்கய்யா வரும்? சுத்தி ஜன்னலா வெச்சா வுடுவீங்களா?" என்றார்.

"சட்டத்துல ஜன்னல் இதுக்குக் கம்மியா இருக்கக் கூடாதுன்னுதான் போட்ருக்குது. ஜாஸ்தியா இருக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. நீ மூணு பக்கமும் ஜன்னலாவே வை. எவன் கேப்பான்?" என்றார் ஓவர்சியர்.

உன் அப்பா முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன். ஆனாலும் பின்பக்கம் விட வேண்டிய இடத்தை நினைத்து அவருக்கு வயிற்றெரிச்சல். அறை சுருங்கிப்போய்விட்டது, பாதி நிலம் வீணாகக் கிடக்கிறது என்று, அனுமதி வந்த பிறகும், ஓடு வேய்கிற வரைக்கும், முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தார். இரண்டாவது மனுவில் எதற்கு இந்த அறை என்ற இடத்தில் நான் சொல்லச் சொல்ல, "க்ஷய நோயாளியான என் மனைவி வசிக்க" என்று எழுதினார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க்காரி குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் என் வேலைக்கு வேறொருத்தியைப் போட்டார்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். உன் அத்தை மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நிற்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார்கள், அப்புறம் வந்தார்கள். ராஜம்மாள் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சொல்லியிருந்தா நான் மனுப் போட்டிருப்பேனா டீச்சர்?" என்றாள். "சொல்லியிருந்தா பக்கத்துல இருக்க வுட்டிருப்பியா?" என்று கேட்டேன். "தெரியல டீச்சர்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் என்னிடம் யார் ஆறுதல் சொன்னாலும் அவள் சொன்னதைத்தான் பெரிதாக நினைத்தேன்.

இனி உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அத்தை உன்னைப் பள்ளிகொண்டாவிலிருந்து கூட்டிவருவாள். வீட்டுக்குள் உன்னை விட மாட்டோம். பின்சந்து வழியாக வந்து, எல்லம்மா வருகிற அந்தக் கதவைத் திறந்து, அந்தத் திறந்தவெளியில் நீ நிற்பாய். நான் அறைக்குள் ஜன்னலோரம் கட்டிலில் இருப்பேன். முதல் ஞாயிற்றுக்கிழமை நீ என்னைப் பார்த்து ஓடி வந்தாய், அத்தை சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள், நீ தரையில் விழுந்து புரண்டாய். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்கயே நில்லுடா ராசா, உன்ன நல்லாப் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போகப்போக நீ பழகிவிட்டாய். சிலேட்டைத் தூக்கிக் காட்டுவாய், நான் தப்பு எங்கே என்று அங்கிருந்தே சொல்வேன். கோலி ஆடுவாய். குட்டிக்கரணம் போடுவாய். நீ வளர்ந்ததை நான் பார்த்தது அந்த இடத்தில்தான். உன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்த இடம் வீணாகப் போயிற்று என்று சொன்னதே இல்லை. ஓவர்சியரைத் திட்டுவதை மட்டும் விடவில்லை, அது பழக்கமாகிவிட்டது.

அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான். சட்டம் சாமி இல்லை, அதற்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட வேண்டாம். ஆபீசில் ஒரு தடவை இல்லை என்றால் திரும்பப் போ, திரும்பக் கேள், இந்த ஷரத்து எதற்கு என்று கேள். சண்டைக்குப் போகிறவனாகப் போகாதே, உன் அப்பாவிடமிருந்து அதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. அவர்கள் பிளானைத்தான் பார்க்கிறார்கள், வீட்டைப் பார்க்கவில்லை. ஓவர்சியரை வீட்டுக்கு அழைத்து, புழக்கடையில் நிற்க வைத்து, என் கட்டில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், வெளியே போகும் வழி எந்தப் பக்கம் என்று காட்டு. நீ லீவில் கட்டிவிட்டுப் பயந்து பயந்து ஒவ்வொரு சேவகனையும் பார்க்க வேண்டாம். எந்த ஆள் வந்து கேட்டாலும் அனுமதிக் காகிதத்தை எடுத்துக் காட்டும் வீட்டில்தான் என் பேரப்பிள்ளை தவழ வேண்டும். மூன்று பக்கம் ஜன்னல் வை. பின்பக்கம் அவர்கள் கேட்கிற இடத்தைவிட ஜாஸ்தியாகவே விடு.

ஏன் ஜாஸ்தி என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் எழுதினேன். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எனக்குச் சாயங்காலக் காய்ச்சல் இருக்கிறது. அந்தக் காய்ச்சலை எனக்கு நன்றாகத் தெரியும், புதிதாக யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். உன்னிடம் சொல்லாமல் வேலூருக்கு வந்து அதே ஆஸ்பத்திரியில் காட்டினேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் பழைய புண் மறுபடி திறந்திருக்கிறது என்றார்கள். அன்றைக்கு உன் வீட்டுக்கு வராமல் திரும்பியதற்குக் காரணம் அதுதான், கோபம் இல்லை. பயப்படாதே. ஒரு தடவை இதை ஜெயித்தவள் நான். அப்போது இருந்ததைவிட இப்போது எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்கிறார், எனக்கும் உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உன் பிள்ளையை என் மடியில் வைத்துக்கொள்ள முடியாது. ஜன்னலுக்கு வெளியே அது நிற்க, ஓட, விழுந்து புரள இடம் இருந்தால் எனக்குப் போதும்.

ஆனால் முனிசிபாலிட்டி அனுமதிக்கு முன்னால் நீ வாங்க வேண்டிய அனுமதி ஒன்று இருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண் வீட்டுக்கு நான் என் வியாதியைக் கொண்டுவரப் போகிறேன். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. கொடுத்துவிட்டு நீ வெளியே போய்விடு, பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே. உன் முகத்துக்காக அவள் சரி என்று சொல்லிவிடக் கூடாது. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, அதற்காக நான் அவளை ஒரு நாளும் குறைவாக நினைக்க மாட்டேன். எனக்கு இந்த வீட்டில் உன் அப்பா கட்டிய அறை இருக்கிறது, நான் பார்த்துக்கொள்வேன். யோசிக்க எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். பதிலை நீ எழுதாதே, அவளையே எழுதச் சொல். அது வந்த பிறகு கடைக்கால் வெட்டு.

உன் அம்மா